அட்டையின் விலை

ஐந்து லட்ச ரூபாய் வரை இலவச சிகிச்சை என்று அறிவிக்க ஒரு மேடை போதும். பில் வரும்போதுதான் மாநில அரசுகள் விழிக்கின்றன. பொன்முடி அடிவாரத்து வித்துராவிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது.

வித்துராவில் இரண்டு சீட்டுகளுக்குக் காருண்யா என்று பெயர். ஒன்று கடைத்தெருவில் விற்கும் லாட்டரிச் சீட்டு. மற்றொன்று ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டை. முன்னது அதிர்ஷ்டத்தை நம்பி வாங்குவது. பின்னது, நோய் வந்தால் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டாம் என்று அரசு கொடுத்தது. சில ஆண்டுகளாக இரண்டாவது சீட்டுக்கும் கொஞ்சம் அதிர்ஷ்டம் தேவைப்படுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி போகும் சாலையில், ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். ரப்பர் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் காடு, காட்டோரத்தில் காணி பழங்குடியினரின் குடியிருப்புகள். நாட்டின் உயர்தர அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஒன்றான ஐசர் வளாகமும் இங்கேதான். இன்னும் மேலே ஏறினால் போணக்காடு எஸ்டேட். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை பறிக்க அழைத்து வரப்பட்ட தமிழர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே லயங்களில் வாழ்கிறார்கள். எஸ்டேட் நொடித்துப்போய் வருடங்கள் ஆகின்றன. சம்பளப் பாக்கிக் கதை முடிந்தபாடில்லை. அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மலையின் மறுபக்கம் இறங்கினால் பாபநாசம். பொதிகை என்று தமிழர்கள் போற்றும் மலைதான் இது.

போணக்காட்டு லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வித்துரா தாலுகா ஆஸ்பத்திரி. அங்கே முதல் சிகிச்சை. இதயக் குழாயில் அடைப்பு என்று சந்தேகம் வந்தால் அடுத்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. 1951இல் தொடங்கிய அந்த மருத்துவமனைதான் தென் கேரளத்து ஏழைகளின் கடைசிப் புகலிடம். அங்கே கவுன்டரில் கேட்கும் கேள்வி: "கார்டு உண்டோ?" உண்டு என்றால் ஆதாரைச் சரிபார்த்து, சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டு, கணினியில் பதிவு செய்கிறார்கள். ஸ்டென்ட் வைக்கிறார்கள். நோயாளி காசு கொடுக்காமல் வீடு திரும்புகிறார்.

அவருடைய கதை அங்கே சுபமாக முடிகிறது. பில்லின் கதை அங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனை அந்தப் பில்லை மாநில சுகாதார ஏஜென்சிக்கு அனுப்பும். ஏஜென்சி பரிசீலித்து, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகையை அனுப்ப வேண்டும். விதிமுறைப்படி 15 நாளில் பணம் வந்துவிட வேண்டும். நடைமுறையில் மாதங்கள் ஓடுகின்றன. கேட்டால், கஜானாவில் பணம் இல்லை என்பதே பதில்.

முப்பது ரூபாயில் தொடங்கியது

இந்தத் திட்டங்களின் வளர்ச்சியைத் திரும்பிப் பார்த்தால், பாரம் எப்படி மெல்ல மெல்ல மாநிலங்களின் தோளுக்கு மாறியது என்பது தெரியும். 2008இல் மத்திய அரசு ராஷ்ட்ரீய ஸ்வஸ்திய பீமா யோஜனாவைக் கொண்டு வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் 30 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தில் முக்கால் பங்கு மத்திய அரசுக்கு, கால் பங்கு மாநிலத்துக்கு. கணக்கு சின்னது, யாருக்கும் வலிக்கவில்லை.

கேரளம் அதோடு நிற்கவில்லை. மத்திய அரசின் வறுமைப் பட்டியலில் இடம்பெறாமல், தன் சொந்தப் பட்டியலில் ஏழைகள் என்று இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கான பிரீமியத்தை மாநிலமே ஏற்றது. புற்றுநோய், இதயம், சிறுநீரகம் போன்ற பெரிய நோய்களுக்குக் கூடுதலாக 70,000 ரூபாய் தரும் திட்டம் பின்னால் வந்தது. அதுவும் போதாதபோது, நிதியமைச்சராக இருந்த கே.எம். மாணி லாட்டரியைக் கையில் எடுத்தார். காருண்யா என்ற பெயரில் தனி லாட்டரி. அதன் லாபம் ஏழைகளின் சிகிச்சைக்கு. 2003இல் லாட்டரியையே தடை செய்த தமிழ்நாட்டுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். 1967 முதல் அரசே லாட்டரி நடத்தும் கேரளத்தில் இது வெகு இயல்பாக எடுபட்டது. சீட்டு விழாவிட்டாலும் யாரோ ஒரு நோயாளிக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்கள்.

2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் நரேந்திர மோடி ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைத் தொடங்கி வைத்தார். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய். பத்தாண்டுக்கு முன் 30,000 ஆக இருந்த தொகை ஒரே தாவலில் பதினாறு மடங்குக்கு மேல். அதே வேளையில், முக்கால் பங்காக இருந்த மத்திய அரசின் பொறுப்பு 60 சதவீதமாகக் குறைந்தது. இந்த முரண்பாட்டை அன்று அதிகம் பேர் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ஐந்து லட்சத்தின் மேல் இருந்தது.

2019 ஏப்ரலில் கேரளம் தன் பழைய திட்டங்களையும் ஆயுஷ்மான் பாரத்தையும் ஒன்றாக்கி, காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி என்று பெயர் வைத்தது. லாட்டரியின் பெயர் அட்டைக்கும் வந்தது அப்போதுதான். அட்டை பெற்றவை சுமார் 42 லட்சம் குடும்பங்கள்.

எழுநூறு கோடியின் ரகசியம்

முதல் ஆண்டு ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம் குடும்பத்துக்கு ரூ. 1,671 பிரீமியத்தில் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2020 ஜூலை முதல் காப்பீட்டு நிறுவனத்தை விலக்கிவிட்டு, மாநில சுகாதார ஏஜென்சி மூலம் அரசே நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இடைத்தரகரின் லாபம் மிச்சம் என்பது வாதம். வாதம் சரியானதே. அத்துடன் இன்னொன்றும் கைமாறியது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் வரும் நஷ்டம் முன்பு காப்பீட்டு நிறுவனத்துடையது, இப்போது அரசுடையது.

மத்திய அரசின் பங்கு இப்படி ஏறி இறங்குவதில்லை. திட்டம் தொடங்கியபோது குடும்பத்துக்கு ரூ. 1,052 என்று ஓர் உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதில் 60 சதவீதம், அதாவது ரூ. 631, மத்திய அரசு தரும். அதுவும் கேரளத்தின் 42 லட்சம் குடும்பங்களுக்கும் அல்ல. மத்திய அரசின் கணக்கெடுப்பில் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும். அவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். ஆக, கேரளத்துக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 150 கோடி ரூபாய்.

செலவு எவ்வளவு? ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் சிகிச்சை அளித்திருப்பதாக மாநில அரசு பெருமையோடு கணக்குச் சொன்னது. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1,400 கோடி. 60க்கு 40 என்று காகிதத்தில் இருந்த விகிதம் நடைமுறையில் பத்துக்குத் தொண்ணூறு என்ற அளவுக்கு வந்துவிட்டது.

இனி பட்ஜெட்டைப் பார்க்கலாம். 2024-25இல் இத்திட்டத்துக்கு ஒதுக்கியது ரூ. 678 கோடி. 2025 பிப்ரவரி 7 அன்று நிதியமைச்சர் கே.என். பாலகோபால் தாக்கல் செய்த பட்ஜெட்டில் 700 கோடி. இந்த 700 கோடி என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் ஒரு சுவாரசியமான விடை கிடைக்கும். 2019இல் குடும்பத்துக்குக் கொடுத்த ரூ. 1,671 பிரீமியத்தை 42 லட்சத்தால் பெருக்கினால் வருவது 702 கோடி. அட்டைக்கு அரசு எழுதும் விலை 2019லேயே நின்றுவிட்டது. அட்டையோடு வரும் நோயாளி இன்றைய விலையில் சிகிச்சை பெறுகிறார்.

ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்ப ஆண்டின் நடுவில் அவ்வப்போது கூடுதல் நிதி அறிவிப்பார்கள். இருநூறு கோடி, முந்நூறு கோடி என்று செய்தி வரும். அது பழைய பாக்கியில் ஒரு பகுதியை அடைக்கும். அதற்குள் புதிய பாக்கி சேர்ந்துவிடும். ஊர் மளிகைக் கடையில் பற்று வைத்துக் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இந்த முறை நன்றாகப் பழக்கம். கடைக்காரர் ஒருநாள் சாமான் தர மறுப்பார் என்பதும் தெரியும்.

பாக்கி போய் விழும் இடம்

கடைக்காரர்கள் மறுக்கத்தான் செய்தார்கள். பாக்கி தீராவிட்டால் திட்டத்திலிருந்து விலகுவோம் என்று 2023இல் தனியார் மருத்துவமனைகள் எச்சரித்தன. தனியாருக்கு விலகும் வசதி இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு அது இல்லை. அது நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாது. பொருள் சப்ளை செய்கிறவருக்கு மட்டும் கடன் சொல்லலாம்.

2024 மார்ச்சில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு மருந்து சப்ளை செய்தவர்கள் விநியோகத்தை நிறுத்தினார்கள். 2025 செப்டம்பரில் இதய அறுவைச் சிகிச்சைப் பொருள்களின் விநியோகஸ்தர்கள் அதே வழியில் போனார்கள். 21 அரசு மருத்துவமனைகள் தங்களுக்குத் தர வேண்டியது 158 கோடி ரூபாய் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஸ்டென்ட் இல்லாமல் எந்தக் காப்பீட்டு அட்டையும் அடைப்பை நீக்காது.

இடையில், 2025 ஜூன் மாத இறுதியில், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர் டாக்டர் ஹாரிஸ் சிறக்கல், கருவிகள் இல்லாமல் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போகின்றன என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். மாநிலமே அதிர்ந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. கருவித் தட்டுப்பாட்டுக்கு இன்சூரன்ஸ் பாக்கிதான் காரணம் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. கொள்முதல் நடைமுறைகள், கோப்புகளின் தாமதம் எல்லாம் அதில் உண்டு. என்றாலும் ஓர் உண்மை அப்போது வெளியே வந்தது: பெரிய ஆஸ்பத்திரியின் அன்றாடம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது.

அந்த நூல் காப்பீட்டுப் பணத்தோடு பின்னிக் கிடக்கிறது. முன்பெல்லாம் அரசு ஆஸ்பத்திரிக்குப் பட்ஜெட்டிலிருந்து நேரடியாக மருந்து வரும், பொருள் வரும். நோயாளிக்குத் தனி பில் கிடையாது. காப்பீடு வந்த பிறகு ஒவ்வொரு நோயாளியின் பெயரிலும் ஒரு தொகை ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியது. அதைக் கொண்டு உள்ளூரிலேயே பொருள் வாங்கலாம், தற்காலிக ஊழியர் வைக்கலாம். நிர்வாகிகள் மகிழ்ந்தார்கள். நாளடைவில் அதுவே நடப்புச் செலவின் ஆதாரமாகிவிட்டது. இப்போது அரசு தன் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் மாற்றத் தாமதித்தால், நடுவில் நிற்கும் ஸ்டென்ட் வியாபாரி கதவைச் சாத்துகிறார்.

அண்டை வீட்டுக் கணக்குகள்

கேரளத்தை மட்டும் குறைசொல்ல வழியில்லை. பஞ்சாப் அரசு பாக்கி வைத்ததால் 2022 ஆகஸ்டில் சண்டிகரின் புகழ்பெற்ற பி.ஜி.ஐ. மருத்துவமனை அந்த மாநிலத்தின் அட்டைதாரர்களைச் சேர்க்க மறுத்தது. ஏழைகளுக்கான மாநிலக் காப்பீட்டுக்கு 2007இல் ஆந்திரத்தில் ராஜசேகர ரெட்டியின் ஆரோக்யஸ்ரீ முன்மாதிரியாக விளங்கியது. 2025இல் தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் அந்த வழிவந்த திட்டங்களின் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனைகள் நிறுத்தின. காரணம், பாக்கி.

தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு பிரீமியம் ரூ. 469. 2011இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் போயிற்று. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் வந்தது. பிரீமியம் ரூ. 497. பெயர்ப் பலகை மாறினாலும் திட்டம் தொடர்ந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பிரீமியம் 2017இல் 699 ஆயிற்று; 2022இல் 849. அந்த ஆண்டு சுமார் 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள். பெருக்கினால் 1,160 கோடி ரூபாய்க்கு மேல்.

தமிழ்நாட்டு முறையின் வசதி, ஆண்டின் தொடக்கத்திலேயே விலை தெரிந்துவிடும் என்பது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு பிரீமியம் கட்டினால் அந்த அளவில் பொறுப்பு தீர்ந்தது. குறைந்த பேர் சிகிச்சை பெற்றால் மிச்சம் நிறுவனத்துக்குப் போகும். அதுதான் அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் கூலி. கேரளத்து முறையில் அந்தக் கூலி மிச்சம். பதிலுக்கு, கணக்குக்கு மேல்வரம்பு கிடையாது. எந்த முறையும் தவறல்ல. மேல்வரம்பில்லாத முறையைத் தேர்ந்துகொண்டு, மேல்வரம்புள்ள பட்ஜெட்டை எழுதுவதுதான் சிக்கல்.

வெற்றிக்கு விழும் அபராதம்

கேரளத்தில் செலவு ஏன் இவ்வளவு ஏறியது? ஊழல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 2023 ஆகஸ்டில் வெளியான தணிக்கை அறிக்கை அதற்குத் தீனி போட்டது. நாடெங்கும் ஏழரை லட்சம் பயனாளிகளின் பெயரில் 9999999999 என்ற ஒரே போன் நம்பர் பதிவாகியிருந்தது. கணினியில் இறந்துவிட்டதாகக் காட்டப்பட்ட 3,446 பேரின் சிகிச்சைக்குப் பணம் போயிருந்தது. அவர்களில் 966 பேர் கேரளத்தில். அவசரத்தில் சேர்க்கப்பட்டவருக்கு ஓரிரு நாள் கழித்தும் அனுமதி கேட்கலாம், அதற்குள் அவர் இறந்திருந்தால் இப்படிப் பதிவாகும் என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், கேரளத்தில் அதில் சம்பந்தப்பட்ட தொகை சுமார் 2 கோடியே 60 லட்சம். ஆண்டுக்கு 1,400 கோடி என்ற கணக்கை அது விளக்காது.

விளக்கம் எளிமையானது. அட்டை உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். கேரளத்தில் முதியவர்களின் விகிதம் நாட்டிலேயே அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், புற்றுநோய் எல்லாம் வயதோடு வருபவை. படித்த மக்கள், உரிமை என்ன என்று தெரியும், நடந்துபோகும் தூரத்தில் ஆஸ்பத்திரி. இலவச சிகிச்சையை அதிகம் பேருக்கு வழங்கியதற்காக 2022இல் மத்திய சுகாதார அமைப்பே கேரளத்துக்கு விருது கொடுத்தது. விருதுக்கு மேடையில் கைதட்டல் கிடைத்தது. பணம் அதே ரூ. 631 கணக்கில்தான் வந்தது.

தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை எல்லா மாநிலங்களுக்கும் நியாயம்போலத் தோன்றும். ஆஸ்பத்திரியே இல்லாத மாவட்டத்தில் அட்டை பீரோவில் தூங்கும். அந்த மாநிலத்துக்குச் செலவு குறைவு. ஆஸ்பத்திரி கட்டி, மக்களை அங்கே வரவைத்த மாநிலத்துக்குச் செலவு அதிகம். நன்றாகச் செய்ததற்கு அபராதம் கட்டும் நிலை. 2024 அக்டோபர் 29 அன்று, எழுபது வயதைக் கடந்த எல்லோருக்கும் 5 லட்ச ரூபாய் என்ற திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது, முதியவர்கள் மிகுந்த கேரளம் ஆரவாரம் செய்யாமல், இதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டது இதனால்தான். அரசியல் சண்டை என்று அதைப் பலர் ஒதுக்கினார்கள். அரசியலும் இருந்திருக்கலாம். கேள்வி நியாயமானது.

மாத்திரைக்கு அட்டை கிடையாது

வித்துராவுக்குத் திரும்பினால் வேறொரு கேள்வி காத்திருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தினமும் வருகிறவர்களில் பெரும்பாலோர் புறநோயாளிகள். காய்ச்சல், மூட்டுவலி, ஆறாத புண். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல். மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பாட்டிகள். இவர்களில் யாருக்கும் அந்த ஐந்து லட்சத்திலிருந்து ஒரு ரூபாய் கிடையாது. படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டைக்கு உயிர் வரும். சேர்வதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் செலவோடு அது ஓய்ந்துவிடும்.

நடுத்தர வயதில் சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவருக்கு அறுபதில் சிறுநீரகம் கெடும் அபாயம் குறைவு. மாத்திரையின் விலை மாதத்துக்குச் சில நூறு. கெட்ட பிறகு டயாலிசிஸ், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆயுளுக்கும். மலிவான முதல் செலவைத் தாலுகா ஆஸ்பத்திரியின் ஒடுங்கிய பட்ஜெட் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த இரண்டாவது செலவுக்குக் காப்பீடு உண்டு. பாக்கி நெருக்கும்போது அரசு எதை முதலில் கவனிக்கும்? போராட்டம் அறிவித்த தனியார் மருத்துவமனைகளின் பில்லைத்தான். மாத்திரை தீர்ந்துபோன பாட்டி போராட்டம் அறிவிப்பதில்லை. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் பாதி ஸ்ட்ரிப் வாங்கிக்கொண்டு போவார்.

இத்தனை அட்டைகளுக்குப் பிறகும், தலைக்கு மருத்துவத்துக்கு மக்கள் சொந்தப் பணத்திலிருந்து செலவழிக்கும் தொகையில் பெரிய மாநிலங்களில் கேரளமே முன்னால் நிற்கிறது. அந்தப் பணத்தில் பெரும் பங்கு இப்படிப் பாதி ஸ்ட்ரிப்பாகவும், தனியார் கிளினிக் ஃபீஸாகவும், ஸ்கேனாகவும் போகிறது. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக்கி, மாலையிலும் மருத்துவரைப் பார்க்க வழிசெய்தது. செலவைக் குறைக்கும் உண்மையான வழி அது. அதன் பலன் பத்து இருபது ஆண்டு கழித்தே தெரியும் என்பதால் அதற்கு மேடைக் கவர்ச்சி குறைவு.

தாய்லாந்து 2002இல் எல்லோருக்கும் மருத்துவப் பாதுகாப்பு கொண்டு வந்தபோது, வீட்டுக்கு அருகில் உள்ள மாவட்ட மருத்துவமனையோடும் அதன் கிளை நிலையங்களோடும் மக்களைப் பதிவு செய்தது. எத்தனை பேர் பதிவோ, அத்தனை பேருக்குமான தொகை அந்த வட்டாரத்துக்கு முன்கூட்டியே போகும். மாத்திரையும் அதிலேதான், அறுவைச் சிகிச்சைக்கான வழியும் அதிலேதான். நோயாளி முப்பது பாட் கொடுத்தால் போதும் என்று தொடங்கினார்கள். தாய்லாந்து அன்று பணக்கார நாடாக இருக்கவில்லை. தாலுகா மட்டத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. அது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

மத்திய அரசு தன் பங்கைச் செலவின் அளவோடு இணைக்க வேண்டும் என்பது கேரளத்தின் நியாயமான கோரிக்கை. அதற்குக் காத்திருக்காமல் மாநிலம் செய்யக்கூடியதும் உண்டு. ஆண்டுக்கு 1,400 கோடி செலவாகும் என்று தெரிந்தால் பட்ஜெட்டில் அதை எழுத வேண்டும். முடியாதென்றால் எதைக் குறைக்கப் போகிறோம் என்று சட்டமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொருள்களை மொத்தமாகப் பேரம் பேசி வாங்க வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு விலை வரம்பு விதித்தபோது, மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அதுவரை அதைப்போலப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தது நாடு. காப்பீட்டு அட்டையைவிட அந்த ஒரு உத்தரவு பலரது சுமையைக் குறைத்தது. ரொக்கமாகக் காசு கொடுப்பவருக்கே பேரம் பேச வாய் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கடன் சொல்லும் அரசுக்கு விநியோகஸ்தர் அந்த வட்டியையும் சேர்த்தே விலை சொல்வார்.

போணக்காட்டு லயங்களில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் மருத்துவத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. வீடும் அவர் பொறுப்பு. சட்டப் புத்தகத்தில் அந்த உரிமை கம்பீரமாக இருந்தது. எஸ்டேட்டின் பணப்பெட்டி காலியானபோது லயத்தின் கூரை ஒழுகியது; சம்பளம் நின்றது; மருத்துவம் யார் பொறுப்பு என்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. எந்த அரசாணையும் அந்த உரிமையை ரத்து செய்யவில்லை. பணம் வராததால் அது தானாகவே இல்லாமல் போனது. முதலாளி கைவிட்ட இடத்தை அரசு நிரப்பியது. ஒரு குடும்பத்தின் உடல்நலத்துக்கு ஐந்து லட்சம் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தது. அந்தப் பொறுப்பும் அதே மாதிரி, யாரும் ரத்து செய்யாமலே கரைந்துவிடக் கூடாது. பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் பட்ஜெட் வாசிக்கும்போது எழுநூறு கோடி என்ற எண் மறுபடி கேட்டால், வித்துராக்காரர்கள் அதை அட்டையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.